சுவரைப் பார்த்த அந்தோணியார்

ஐ.டி. கார்டைத் தொலைத்துவிட்ட தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, எங்கள் கம்பெனி லாக்கர் ரூமில், பர்ஸிலிருந்த, தொலைந்ததைத் தேடித்தரும் புனிதர் அந்தோணியாரின் படத்தைத் தலைகீழாக வைத்தாள். "கார்டு கிடைக்கிற வரைக்கும் இப்படியே இரும்" என்று அவரை மிரட்டினாள்.

என் அம்மாவும் இப்படித்தான். சாவி தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும், மெழுகுவத்திப் புகையில் கறுத்த அந்தோணியார் சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். பொருள் கிடைத்ததும் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து மன்னிப்புக் கேட்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரகடத்தில் எங்கள் நெல்வயலைக் கம்பெனிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். வேலி போட்ட அன்று நானே சுரூபத்தைத் திருப்பி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி தொலைச்ச?"

"நம்ம வயலு."

"அது தொலையலடி. எடுத்துகினாங்க. அதுக்கு அவுரு இன்னா பண்ணுவாரு?"

மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதை எனக்கு நினைவிருந்தது. "அவுரோட ஜெப புக்கை ஒருத்தன் எடுத்துகினு ஓடலியா? அவுரு வேண்டினதும் அவனே கொண்டாந்து குடுத்தானே?"

சுரூபத்தை நேராக வைக்க அம்மாவுக்குக் கை வரவில்லை. அது சுவரைப் பார்த்தே நின்றது. அதன்பின் சாவி தொலைந்தால் நாங்களே தேடிக்கொண்டோம்.

"கிடைச்சிட்டுக்கா!" தூத்துக்குடிப் பெண் படத்தை முத்தமிட்டு நேராக்கினாள். "நீங்களும் எதையாவது தொலைச்சிருந்தா சொல்லுங்க, கேட்டுத் தாரேன்."

ஒன்றும் தொலையவில்லை என்றேன். எங்கள் வயல் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அதன்மேல்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.