வலிக்காத பல்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வரும். டாக்டரிடம் போகச் சொன்னால், "வலியே இல்ல, இதுக்கு இன்னாத்துக்கு லீவு போடணும்?" என்பார். ஒருநாள் கீழ்வரிசை முன்பற்கள் ஆடின. மறுநாள் தாடை வீங்கிவிட்டது. பதறிப்போய் சுங்குவார்சத்திரத்தில் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆடும் பற்களை எடுக்க வேண்டும் என்றார் அவர்.

"சொத்தையே இல்லையே டாக்டர், எதுக்குப் புடுங்கணும்?" என்று கெஞ்சினார் கணவர்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "பல்லு நல்லாதான் இருக்கு. ஈறு நோய் முத்தி, பல்லைப் பிடிச்சிருந்த எலும்பு கரைஞ்சுபோச்சு. ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

நான்கு பற்களை எடுத்துவிட்டார்கள். நாற்பது வயதுகூட ஆகாதவர், இப்போது மகளிடம் பேசும்போதும் வாயைக் கையால் மூடிக்கொள்கிறார்.

மகள் பல் துலக்கும்போது நான் பக்கத்திலேயே நிற்கிறேன். துப்பும் நுரையில் சிவப்பு தெரிந்தால், வலிக்கிறதா என்று கேட்கமாட்டேன். நேராக டாக்டரிடம் கூட்டிப்போவேன்.