பார்ப்பவர் ஒருவர்

கணினி திருத்துகிறவனுக்கு மெசினின் வியாதி பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மெசின்காரரின் வியாதி பிடிபடத்தான் பத்துத் தரம் போகவேண்டி வரும். கழற்றிய மெசினைப் பூட்டி முடித்தபின் ஒரு ஸ்குரூ மிஞ்சி, அதைச் சத்தம் போடாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட அன்பர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

தெல்லிப்பழையில் எனக்கு ஒரு சின்னக் கடை. முந்தி ரேடியோ, பிறகு டிவி, இப்போது கணினி. காங்கேசன்துறையில் ஒரு கணினியைத் திறந்தபோது உள்ளே ஒரு நண்டு இருந்தது, வெளிச்சம் பட்டதும் கொடுக்கால் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டது என்று நான் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. தவராசாவின் கதையில் நண்டு இல்லை.

வெங்காயச் சருகு

தவராசா லொறிக்காரர். இருபத்தைந்து வருடம் கொடிகாமத்தில் மரக்கறி ஏற்றிக் கொழும்புக்கு ஓடியவர். சீனி வருத்தத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது, லொறியும் விலைப்பட்டது. இப்போது பின்னேரங்களில் கணினியில் லொறி ஓட்டுகிற கேம் விளையாடுகிறார். விளையாடுவதை இணையத்தில் லைவ் ஆகவும் விடுகிறார். மேசையில் ஒரு ஸ்டியரிங், கீழே இரண்டு பெடல், இரண்டையும் இடது காலே மிதிக்கும். "சும்மா ஓடினால் ஓடுது அண்ணை, லைவ் விட்டால் தடக்குது" என்று என்னை வரச்சொன்னார்.

கணினி இருந்த அறையில் அவர் மனைவி பவளம் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி கூரை வளையில் தொங்கவிட்டிருந்தா. தோட்டத்தைப் பார்த்து, விற்று, வீட்டை ஓட்டுகிறவ அவதான். கேசிங்கைத் திறந்தேன். ஃபேன் முழுக்க வெங்காயச் சருகு. காற்றுப் போக வழியில்லாமல் மெசின் சூடேறி, தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. சருகை அள்ளினேன், ஒரு கடகம் நிரம்பியது. அடியில் ஒரு வெங்காயம் முளைத்து, நாலு தாள் விட்டு, பூக்கிற பதத்தில் நின்றது என்று சொன்னேன். தேத்தண்ணீரை வைத்துவிட்டு பவளம் கேசிங்குக்குள் எட்டிப் பார்த்தா.

"பூத்திருந்தால் அதையும் சந்தைக்குக் கொண்டுபோயிருப்பன் அண்ணை, நீங்கள் சொல்லுறதைத்தான் ஒருத்தரும் வாங்காயினம்."

அழிக்கக்கூடாத பெயர்

சருகு போனபிறகும் பாதித் தடக்கல் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோசைப் புதிதாகப் போடுவோம் என்றேன். யோசிக்கப் பஞ்சிப்பட்டால் நாங்கள் எல்லோரும் சொல்லுகிற வைத்தியம் அது. தவராசா என் கையை மறித்துப் பிடித்தார். மெசினைப் போட்டால் திரையில் 'சுகிர்தா' என்று வரும். மகளின் பெயர். கட்டடப் படம் வரையப் படித்த பிள்ளை. அவளுக்காக வாங்கிய கணினி அது.

திருகோணமலைப் பெடியன் ஒருவனை விரும்பி, கட்டப்போகிறேன் என்று அவள் வந்து சொன்ன அன்று, "இனி இந்தப் படலையைத் திறக்காதை" என்று இவர் சொன்னார். அவள் திறக்கவில்லை, அவனைக் கட்டித் திருகோணமலையிலேயே இருந்துவிட்டாள். நாலு வருடம். தாயோடு போனில் கதைப்பாள். தகப்பன் வாங்கினால் வைத்துவிடுவாள். சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்சீட்டில் ஏறி, கொழும்புவரை வாய் மூடாமல் வந்தவளாம். லொறிச் சத்தமும் அதற்கு மேலே தன் குரலும் கேட்டால் ஒருநாளைக்கு நின்று பார்ப்பாள் என்று தவராசா நம்பினார். அவள் வேலையால் வருகிற நேரம் பார்த்து ஆறு மணிக்கு லைவ். பவளம் லிங்கை அனுப்பியிருந்தா.

"தடக்கினால் பிள்ளை மூடிப்போட்டுப் போயிடும் அண்ணை, அதுக்குப் பொறுமை இல்லை, என்னைப் போல."

ஏற்றத்தில் இழுக்காத லொறி

இரண்டாம் தரம் போனபோது ஓடவிட்டுப் பார்த்தேன். கேமில் எங்கோ ஒரு வெளிநாட்டு வீதி, இரண்டு பக்கமும் பனி. தவராசா மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறார்: "பிள்ளை, இப்ப ஆனையிறவு தாண்டுது... உப்புக் காத்து அடிக்குது, கண்ணாடியை ஏத்து." பனிக்குள் பரந்தன் வந்தது, மாங்குளம் வந்தது. ஓமந்தையில், சண்டைக் காலச் சோதனைச் சாவடியில் நின்ற பழைய பழக்கத்தில், லொறியை ஓரங்கட்டினார். பின்னால் வந்த வெள்ளைக்கார லொறிகள் ஹோர்ன் அடித்தன. கேம் அவருக்குத் தண்டம் போட்டது.

பழுது பிடிபட்டது. கிராபிக்ஸ் கார்டின் பலம் முழுவதையும் கேமே தின்றுவிடுகிறது. அதே கார்ட்தான் படத்தைப் பொதி கட்டி இணையத்துக்கும் அனுப்பவேண்டும். அதற்கு மூச்சு மிஞ்சவில்லை. கேம் செக்கனுக்கு அறுபது படத்துக்கு மேலே போடக்கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டேன். "முழு மூச்சிலை விட்டால் ஏத்தத்திலை இழுக்காது, கொஞ்சம் மிச்சம் பிடிக்கோணும்" என்று லொறிப் பாசையில் விளங்கப்படுத்தினேன். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லொறியை நான் ஒருநாளும் முழு மூச்சிலை விட்டதில்லை அண்ணை, வாயைத்தான் விட்டனான்."

ஒன்று

லைவ் பார்க்கிறவருக்குத் தடக்குதா என்பதை விளையாடுகிற வீட்டிலிருந்து சொல்லமுடியாது, வெளியிலிருந்து பார்க்கவேண்டும். ஆகவே மறுநாள் ஆறு மணிக்குக் கடையில் இருந்து என் போனில் பார்த்தேன். வலு சுத்தமாக ஓடியது. மூடியிருக்கலாம். ஆனால் ஆள் கிளிநொச்சியில் ஒரு வெதுப்பகத்தில் நிறுத்தி, சீனிப் பணிசை இரண்டாய்ப் பிய்த்துப் பெரிய பாதியை மகளுக்குக் கொடுத்த கதை சொல்லிக்கொண்டிருந்தார். வவுனியாவரை கூடவே போனேன்.

லைவ் முடிந்த கையோடு போன் அடித்தது. தவராசாவின் மூச்சு வாங்கியது. திரையின் மூலையில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற இடத்தில், இத்தனை மாதமும் சைபர்தான் நின்றதாம், இன்றைக்கு ஒன்று. அந்த ஒன்று நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்த வாயிலிருந்து ஊருக்கு எத்தனையோ வந்திருக்கிறது. அந்த ஒரு வசனம் வரவில்லை.

"ஒண்டு காட்டினது அண்ணை, கடைசிமட்டும் ஒண்டு காட்டினது, பிள்ளை வவுனியா மட்டும் என்னோடை வந்தது."

பவளம் கடைக்கு வந்தது

பிறகென்ன, ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குக் கடையில் வேலையை நிறுத்திவிட்டு நான் லொறி ஏறினேன். வாடிக்கையாளர்களுக்குப் பழைய போன் ஒன்றைச் சோதிப்பதாகச் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து பவளம் வந்தா. கையில் ஒரு பிடி வெங்காயம். மேசையில் வைத்தா, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

மகளிடம் கேட்டாவாம். ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன், அந்தக் குரலைக் கேட்டால் படலையடியில் நின்றதுதான் ஞாபகம் வரும் என்று சொன்னாளாம். பார்க்கிற ஆள் யாரென்று பவளம் என்னைக் கேட்கவில்லை. மேசையில் நிமிர்த்தி வைத்திருந்த போனை ஒருதரம் பார்த்தா, அவ்வளவுதான்.

"அந்த மனிசன் இப்ப ராவிலை சோறு தின்னுது அண்ணை, மெசினிலை இனி ஒண்டையும் திருத்திப் போடாதேங்கோ."

நான் போகும் நாட்கள்

அதற்குப் பிறகு இரண்டு தரம் தவராசாவே வரச்சொன்னார். ஒருமுறை மைக் இரைகிறது, மறுமுறை வயர் தளர்ந்திருக்கிறது. இரண்டும் லைவ் நேரத்தில். நான் அவர் பக்கத்தில் கதிரையில் இருந்தேன், என் போன் சட்டைப் பைக்குள் இருந்தது. மூலையில் சைபர். அவர் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். முதல்முறை ஆனையிறவில் கண்ணாடியை ஏற்றச் சொல்லவில்லை. மறுமுறை, கொடிகாமத்திலிருந்து புறப்பட்ட லொறி ஆனையிறவுக்கு முன்னமே பளையோடு நின்றது.

மைக்கை மூடினார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. திருகோணமலையில் கரண்ட் இல்லையாக்கும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். முகத்தில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

"நீங்கள் வாற நாளிலை மட்டும் பிள்ளை பாக்கிறதில்லை அண்ணை."

மேசையில் விட்டுவந்த போன்

மூன்றாம் தரம் கூப்பிட்டபோது நான் ஆயத்தமாகப் போனேன். கடையில் போனை பால்மா டின்னில் சாய்த்து, லைவைத் திறந்து, சார்ஜரைக் குத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். நான் உள்ளே போக அவர் கொடிகாமத்தால் வெளிக்கிட்டிருந்தார். மூலையில் ஒன்று. நானும் திரையைப் பார்த்து, "இண்டைக்குப் பிள்ளை வந்திட்டுது போல" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் ஓட்டினார். பிறகு, தெருவில் இருந்து கண்ணை எடுக்காமல், பவளத்துக்கு ஒரு கோல் எடுக்கவேண்டும், உங்கள் போனைத் தாருங்கள் என்றார். கடையில் மறந்து விட்டுவிட்டேன் என்றேன். பவளம் அடுத்த அறையில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தா. பரந்தன் போனது, மாங்குளம் போனது, ஓரிடத்திலும் தடக்கவில்லை. கண்ணாடியை ஏற்று என்றார், பணிசைப் பிய்த்தார், ஓமந்தையில் ஓரங்கட்டினார். அங்கே மைக்கை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் போனைத் தனிய விட்டிட்டு வராதேங்கோ அண்ணை, ஆராவது ஒரு ஆள் இருந்து பாக்கோணும்."

நாற்பது வருடமாக நான் அவிழ்த்துவிட்ட புளுகுகளில் வாய் திறக்காமல் தொடங்கியது இது ஒன்றுதான், அதையும் ஆள் நம்பவில்லை.