பச்சை ஒயர்

எங்கள் வீட்டில் மின்சார அடுப்பை ‘ரெஷோ’ என்போம். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போய்விட்டான், அவன் சொல் சமையலறையை விட்டுப் போகவில்லை. மாமனார் சைகோனிலிருந்து கொண்டுவந்த ரெஷோ அது. எனக்கு இழுப்பு. விறகுப் புகை பட்டால் விடிய விடிய உட்கார்ந்தே மூச்சு வாங்க வேண்டும். “மகாராணிக்குத் தனி அடுப்பு” என்று மாமியார் முணுமுணுப்பார். மாமனார் இருந்தவரை அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

அவர் காலமான பிறகு ரெஷோவின் காயில் கம்பி எரிந்துபோனது. கணவர் மதராஸிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்தார். மாட்டித்தர என் அண்ணனைக் கூப்பிட்டேன். மதராஸில் ஒயரிங் கற்றுக்கொண்டு அப்போதுதான் இங்கே தொழில் தொடங்கியிருந்தான். என் அண்ணனாக்கும் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பழைய ரெஷோவைக் கழற்றியதும் சுவரில் மூன்று ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் யோசிக்கவே இல்லை. பச்சை என்றால் கரண்டு வராத எர்த் என்று அதை அடுப்பின் உடம்போடு சேர்த்து முறுக்கினான். வாசல் பக்கம் போய் பியூஸைச் செருகினான்.

“பாப்பா, சூடு ஏறுதா? தொட்டுப் பாரு!” அங்கிருந்தே கத்தினான்.

தொட்டேன். முழங்கையில் உலக்கையால் போட்ட மாதிரி இருந்தது. சுவரோரம் போய் விழுந்தேன்.

மாமியார் அலறிக்கொண்டு வந்தார். பியூஸைப் பிடுங்கிவிட்டு வந்த அண்ணன் ஒயர்களைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு மாமியாரிடம் திரும்பி, “ஈரக் கையோட தொட்டுடுச்சு அத்தை. சின்னதுலேர்ந்தே இதுக்குக் கவனம் பத்தாது” என்றான்.

நடுக்கம் நின்ற பிறகு, அவன்தான் தொடச் சொன்னான் என்றேன். யார் காதில் வாங்கினார்கள்? “கூடப் பொறந்தவனே சொல்றானே” என்றார் சாயங்காலம் வீடு வந்த கணவர். இனி விறகடுப்புதான் என்று முடிவாயிற்று. அடுப்பை அண்ணனையே எடுத்துக்கொள்ளச் சொன்னார் மாமியார். வெட்கமில்லாமல் தூக்கிக்கொண்டு போனான்.

பொங்கல் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி எங்கள் ரெஷோவில்தான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அண்ணன் தன் கூட்டாளிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“இந்த ஊர்ப் பழைய வீட்டுல பச்சையிலதான் கரண்டு வரும். பிரெஞ்சுக்காரன் வழக்கம் அது. எர்த்துன்னு நெனச்சே, தூக்கி அடிச்சிடும்.”

கூட்டாளி போனதும் அவன் முன்னால் போய் நின்றேன். “இத அன்னிக்கே ஏண்ணா சொல்லல?”

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

“சொல்லியிருந்தா எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? நீ வீட்டுல இருக்கறவ. உன்னைச் சொன்னா உனக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?”

அண்ணி நீட்டிய காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் விறகு ஈரமாக இருந்தது. இருமி இருமி ஊதினேன்.