கணக்குப் போடாத விசிறி

என் அலுமாரிக்கு மேலே ஒரு மேசை விசிறி இருக்கிறது. அதன் வயர் பாதியில் வெட்டப்பட்டது. எறியச் சொல்லி மனைவி பலமுறை சண்டை பிடித்துவிட்டாள். எறியமாட்டேன். அண்மையில், நான் முன்பு வேலை செய்த நிலையத்தின் இயக்குநர் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டான். அவரை நினைத்தால் எனக்கு இந்த விசிறிதான் நினைவுக்கு வருகிறது. அதையே எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில், காற்றாலைகளுக்குப் பக்கத்தில், எங்கள் கணினி நிலையம் இருந்தது. வரிசையாக நின்ற இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பெரும் கணினியாக வேலை செய்தன. காற்று, அலை, மழை ஆகியவற்றை முன்கூட்டியே கணிப்பது அதன் வேலை. பழைய இயந்திரத்தைக் குளிர வைக்கவே பெரிய ஏசிகள் ஓயாமல் ஓடின. இயக்குநர் அதைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார். புதியதில் ஒவ்வொரு சிப்பின் மேலும் ஒரு செப்புத் தகடு உண்டு. தகட்டுக்குள் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய், கடற்காற்றில் ஆறித் திரும்பி வரும். வேகம் பலமடங்கு கூட, கரண்ட் குறைவு. மனுசரை நடத்தின விதத்தை விட்டுப் பார்த்தால் ஆள் கெட்டிக்காரர். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் தண்ணீர் சிப்பைத்தான் குளிர வைத்தது. எங்களை அல்ல. ஏசியைக் கழற்றிவிட்டார். உப்பும் மணலும் உள்ளே வரும் என்று ஜன்னல்களை ஏற்கெனவே அடைத்தாயிற்று. வெளியே சோளகக் காற்று ஆளைத் தள்ளும். உள்ளே நாங்கள் அவிந்துகொண்டிருந்தோம்.

வாசலுக்கு எதிரே சுவரில் ஒரு எண் பலகை ஒளிர்ந்தது. கட்டடத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, கணினி எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண் அது. ஒன்று என்று காட்டினால் எதுவும் வீணாகவில்லை என்று அர்த்தம். எங்களுடையது ஒன்றுக்குச் சற்று மேலே நின்றது. அந்தச் சற்றைத் துரத்திக்கொண்டுதான் அவர் வாழ்ந்தார். "கணக்குப் போடாத சாமானுக்குக் கரண்ட் குடுத்தா வீண்" என்பார். முதலில் தேநீர்க் கேத்தல் போனது. பிறகு கூரை விசிறிகள். பிறகு கக்கூஸ் லைட். காலையில் வந்ததும் பலகைக்கு முன்னால் போய் நிற்பார். "சாமி இண்டைக்கு வரம் குடுத்திட்டுதோ?" என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

என் பக்கத்து மேசையில், தாழ்வுபாடு என்ற மீனவக் கிராமத்து அக்கா ஒருவர் வேலை செய்தார். புருசன் கடலுக்குப் போகிறவர். கலியாணமாகிப் பல வருசம் காத்திருந்து, மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து, அப்போதுதான் பிள்ளை தங்கியிருந்தது. "எங்கட அடுப்படி இதைவிடக் குளிர், தம்பி" என்று பகிடி விடுவார். பிறகு பகிடி நின்றது. ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டபடி வேலை செய்தார். ஒருநாள் வீட்டிலிருந்து இந்த விசிறியைக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே மறைத்து வைத்தார்.

மறுநாளே இயக்குநர் கண்டுவிட்டார்.

"சேர், பிள்ளைக்காகத்தான் கேக்கிறன். சின்ன ஃபேன் தானே."

"உம்மட பிள்ளை கணக்குப் போடுதோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களை இன்றும் எனக்குத் தெரியும். இயக்குநர் பிளக்கைக் கழற்றினார். என் மேசையில் இருந்த வெட்டுக் குறட்டை எடுத்து வயரை நறுக்கினார். நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன். எண் மாறவில்லை. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு முன்னால் ஒரு மேசை விசிறி என்ன செய்யும்?

"சேர், நம்பர் அசையேல்லையே" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஒராளுக்கு விட்டா எல்லாரும் கேப்பினம். ஆக்களைப் பழக்கக் கூடாது."

அந்தக் கிழமையே அக்கா கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். ஆட்டோவில் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிள்ளை தப்பவில்லை. அதற்குப் பிறகு வேறு பிள்ளையும் தங்கவில்லை. வெக்கையால்தான் என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. நான் எழுதுகிறேன். பின்னர் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து, மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காக இயக்குநருக்கு விருது கொடுத்தார்கள். ஒரு துளியும் வீணாகவில்லை என்று மேடையில் பேசினார். நாங்கள் வியர்வையோடு கைதட்டினோம்.

அவருடைய செத்த வீட்டுக்கும் போனேன். பெட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய விசிறிகள், அவர் முகத்தைப் பார்த்து முழு வேகத்தில் ஓடின. செபமாலை சொன்ன பெண்கள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மடியில் கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அக்கா வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. சிலுவை போட்டார். பிறகு ஒரு விசிறியின் கழுத்தைப் பிடித்துக் குழந்தையின் பக்கம் திருப்பினார்.

மகன் பதறிப்போனான். "அன்ரி, அது அப்பாவுக்கு..."

"அப்பா இனி என்ன கணக்குப் போடப் போறார்?" என்றார் அக்கா. "அவருக்கு வீண், தம்பி."

அக்கா வெளியே போகும்போது படலையடியில் அவரைப் பிடித்தேன். "நீங்கள் அண்டைக்கு விட்டிட்டுப் போன ஃபேன் என்னட்டத்தான் கிடக்கு, அக்கா. வயர் போட்டுத் தாறன்."

"வேண்டாம்" என்றார். "நான் ஆருக்கு வீச?"

இன்னும் வயர் போடவில்லை. வெட்டினபடியே அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.