வெள்ளை தெரியும்வரை

கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. கல் மாதிரி இருக்க வேண்டிய அடித்தண்டு கனிந்த சப்போட்டாவைப் போல வழிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

அது அடீனியம். நர்சரிக்காரர்கள் பாலைவன ரோஜா என்பார்கள். அத்தான் விதை போட்டு வளர்த்தது. பானை வயிறும் அதன்மேல் இளஞ்சிவப்புப் பூக்களுமாகத் திருமுல்கேரி வீட்டு வாசலில் பதினெட்டு வருடம் நின்றது. அத்தான் இறந்தபின் அவருடைய சட்டைகளைக்கூட அக்கா கொடுத்துவிட்டாள். இதை மட்டும் யாரையும் தொடவிட்டதில்லை. மூட்டு ஆபரேஷனுக்குப் போகும்போது, வேறு ஆள் கிடைக்காத காரணத்தால், என்னிடம் ஒப்படைத்தாள். "மழைக்காலத்துல தண்ணி ஊத்தாதே. ஒரு சொட்டுகூட வேண்டாம். பட்டினி போடு. புரியுதா தம்பி?"

புரிந்தது. நான் படித்தவன். ஆனால் நான்கு நாள் மழைக்குப் பின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தபோது, செடி தாகத்தில் தவிக்கிறது என்று அந்தப் படிப்பே சொன்னது. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. அழுகிக்கொண்டிருந்ததற்கு உபசாரம்.

நர்சரிக்காரரைப் போனில் பிடித்தேன். வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டச் சொன்னார். பழுப்பு ஒரு புள்ளி மிஞ்சினாலும் மேலே ஏறிவிடுமாம். செடியின் பால் விஷம் என்பதால் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு முதல் வில்லையை அறுத்தேன். பழுப்பு. இரண்டாவதும் பழுப்பு. அத்தானின் பதினெட்டு வருடம் வில்லை வில்லையாகச் செய்தித்தாளில் விழுந்தது. கைப்பிடி அளவு மிஞ்சியபோதுதான் வெட்டுமுகம் வெளுத்தது. மஞ்சள்தூள் அப்பி, சணலில் கட்டி, நிழலில் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். தூக்குத் தண்டனை மாதிரி இருந்தது. யாருக்கு என்பதுதான் பாக்கி.

அக்கா வாக்கரோடு வந்து அதன் எதிரே நின்றாள்.

"எவ்வளவு போச்சு?"

"முக்கால்வாசிக்கா."

"சொல்லிட்டுத்தானேடா போனேன்?"

"இலை கொட்டுச்சு. தாகம்னு நினைச்சேன்."

வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து மிச்சத்தை அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

பத்து நாள், தினமும் அதே அழுத்தல். வெட்டு காய்ந்ததும் மணலும் சரளையும் கலந்து அவளே நட்டாள். நான் ஊர் திரும்பியபின் போனில் கேட்கும்போதெல்லாம் "பார்ப்போம்" என்று வைத்துவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்துத் துணிந்து நேரில் போனேன். நுனியில் ஐந்து இலைகள்.

"எப்பக்கா வந்துச்சு?"

"மூணு வாரம் ஆச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ பார்க்க வருவே. அது பிழைக்கட்டும்னு விட்டேன்."