கோமாளியின் கைக்குக் கீழே

ரப்பர் முத்திரையின் மைக்கு ஒரு வாசம் உண்டு. பாதி மண்ணெண்ணெய், பாதி மருந்துக்கடை. போன மாதம் மகளை ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். வாசலில் இருந்த பெண் அவளை உயரப் பலகையில் சாய்த்து நிறுத்தி, புறங்கையைப் பிடித்து, முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினாள். வாசம் மூக்கில் ஏறியதுதான் தெரியும். “நிமிந்து நில்லுட்டி!” என்று கத்திவிட்டேன். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மகள் நிமிர்ந்துதான் நின்றிருந்தாள். கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை உயரம் இருந்தாள். “ஏம்மா மானத்த வாங்குற?” என்று பல்லைக் கடித்தாள். அவளிடம் என்ன சொல்ல? முப்பது வருஷம் கழித்து, சங்கரன்கோவிலில் முட்டி மடக்கி நின்ற ஒருத்தியைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் ஊராக இருக்காது. வீட்டுக்கு வீடு விருந்தாள், தெருவுக்குத் தெரு பந்தல், எங்கே மிதித்தாலும் யாராவது ஒருவருடைய கால். அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பெரிய ராட்டினக் கம்பெனி ஒன்று வந்து இறங்கியது. ராஜபாளையம் ரோட்டில் பருத்தி எடுத்துச் சும்மா கிடந்த கரிசலில் லாரி லாரியாக இரும்பைக் கொட்டினார்கள். நாலே நாளில் அந்த இரும்பு எழுந்து நின்றது. வானத்தைச் சீவுகிற ராட்சத ராட்டினம், சங்கிலி ஊஞ்சல், எல்லாவற்றுக்கும் நடுவில் கொலம்பஸ். அது ஒரு கப்பல். தண்ணீர் இல்லாத எங்கள் ஊரில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு முன்னும் பின்னும் வீசி ஆடும் கப்பல். எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்கிற நேரமே கிடையாது. அந்தத் தறிச் சத்தத்தையும் மீறி, கப்பல் உச்சிக்குப் போகும்போதெல்லாம் ஜனங்கள் போடுகிற ‘ஓ’ வீட்டுக்குள் வரும். சோற்றில் கை வைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பத்து வயது. அந்தக் கப்பலைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். தபசுக்கு வந்தவர் அன்று சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டும். காலையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். “கொலம்பஸ்ல கடைசி வரிசையில உக்காருவோம் மக்கா. அங்கனதான் வயித்துக்குள்ள கோழிக்குஞ்சு ஓடும்.” அவ்வளவுதான், எனக்குக் காலையிலிருந்தே வயிற்றுக்குள் கோழிக்குஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. அம்மா, மாமா, நான், பெரியம்மா, பெரியம்மாவின் மகள் என்று ஐந்து பேர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினோம். பெரியம்மா மகள் எனக்கு மூன்றே மாதம் மூத்தவள், அதனால் அக்கா. உயரத்தில் நான்தான் அவளைவிட இரண்டு விரல் கூட. இதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்.

வாசலில் ஒட்டுப்பலகையில் வெட்டிய கோமாளி ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரு கையை வெளியே நீட்டியிருந்தான். அந்தக் கைக்குக் கீழே தலை இடிக்காமல் நுழைகிற பிள்ளைக்கு அரைச் சீட்டு. தலை இடித்தால் முழுச் சீட்டு. ஒரே சீட்டுதான், உள்ளே எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு ஒரு வித்தை தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் நெருங்கும்போது மகளின் முதுகில் ஒரு விரலால் தட்டுவார்கள். தட்டியதும் மகள் பாவாடைக்குள் முட்டியை மடக்க வேண்டும். தலை அசையக் கூடாது, தோள் அசையக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது; கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஆள் மட்டும் இறங்க வேண்டும். கால்சட்டைப் பையன்களால் இது ஆகாது, முட்டி வெளியே தெரிந்துவிடும். நீளப் பாவாடை கட்டிய பெண்பிள்ளைகளுக்கே உரிய வித்தை. நான் அதில் கைதேர்ந்தவள். வாசுதேவநல்லூர் வரைக்கும் முட்டி மடக்கியே போயிருக்கிறேன். இறங்கியதும் அம்மா, “எம்பிள்ளைக்கு வருத மாதிரி யாருக்கும் வராது” என்பாள். நான் வாங்கிய முதல் பாராட்டு அதுதான். எதற்குப் பாராட்டியிருக்கிறாள் பாருங்கள். குறுகியதற்கு.

முதுகில் விரல் தட்டியது. இறங்கினேன். கோமாளியின் கைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டு, ராணி மாதிரி நுழைந்தேன். எனக்குப் பின்னால் வந்த அக்கா நேராக நடந்தாள். தலையில் ‘டொக்’கென்று கோமாளியின் கை இடித்தது. பெரியப்பாவுக்கு ஜவுளிக்கடை, அவர்கள் வீட்டில் யாருக்கும் முட்டி மடக்கிப் பழக்கமில்லை. அவள் புறங்கையில் சிவப்பு மையில் ஒரு சிங்கம் விழுந்தது. என் கையில் ஊதா மையில் ஒரு மீன். மீன் எனக்குப் பிடித்திருந்தது. அதை ஊதி ஊதிக் காயவைத்தேன், மடச்சி.

அத்தோடு விடவில்லை. சின்னப் பிள்ளைகள்மீது அந்தக் கம்பெனிக்கு இருந்த அக்கறையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாதாம். அதனால் மீன் குத்திய ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் பேர், தெரு, வயது எழுதிய சீட்டு ஒன்றை ஊக்கால் குத்தினார்கள். வாசலில் இருந்த ஆள் பேனாவைத் தூக்கிக்கொண்டு, “வயசு?” என்றார்.

“ஏழு” என்றாள் அம்மா.

“எத்தனாம் வகுப்பு பாப்பா?”

நான் வாயைத் திறந்தேன். பின்னங்கழுத்தில் அம்மாவின் இரண்டு விரல்கள் சேர்ந்து திருகின. “ரெண்டாப்பு” என்றேன். அஞ்சாம் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள், நெஞ்சில் ‘வயது 7’ என்று குத்திக்கொண்டு உள்ளே போனேன்.

அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமாவின் ஒரு கையை நானும் மறு கையை அக்காவும் பிடித்து இழுத்துக்கொண்டு கொலம்பஸுக்கு ஓடினோம். வரிசை நகர்ந்தது. எங்கள் முறை வந்ததும் கப்பல்காரர் கையைக் காட்டச் சொன்னார். மாமாவையும் அக்காவையும் உள்ளே விட்டார். என்னைக் கம்பிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்.

“மீன் ஏறக் கூடாது. அந்த நீல வலைக்குள்ள யானை ராட்டினம் இருக்கு. அங்க போ பாப்பா.”

மாமா கம்பியைத் தாண்டித் திரும்பி வந்தார். “அண்ணாச்சி, பிள்ளையோட வளத்தியப் பாருங்க. இந்தச் சிங்கத்தவிட இவ ஒசரம்.”

“பாத்துட்டேன். சட்டையில ஏழுன்னு போட்டிருக்கே.”

“தப்பா எழுதிட்டாங்க. பெரிய சீட்டே வாங்கிட்டு வாரேன்.”

“தாராளமா வாங்குங்க. ஆனா வாசல்ல ஏழுன்னு யாரு சொன்னாங்களோ அவங்களே வந்து இல்லன்னு சொல்லணும். நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா நான்ல பதில் சொல்லணும்?”

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பொட்டலில் அன்றைக்கு நேர்மையாகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

நான் பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்து, விறைத்து நிமிர்ந்து நின்றேன். “நான் அஞ்சாப்பு! பதினாறாம் வாய்ப்பாடு சொல்லட்டா?” என்று கத்தி, கேட்காமலே சொல்லவும் தொடங்கினேன். எட்டாம் வரிவரை சரியாகச் சொன்னேன். வரிசையில் ஒருவன், “ஏலே, ஏழு வயசுல இந்தப் போடு போடுதா, பத்து வயசுல கலெக்டர் ஆயிருவா போல” என்றான். சிரிப்பு கிளம்பியது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பின்னாலேயே பெரியம்மாவும்.

“ஏம்மா, நீங்கதான் ஏழுன்னு சொன்னீங்களா? இல்லன்னா இப்பச் சொல்லுங்க, ஏத்திக்கிடுறேன்” என்றார் கப்பல்காரர். ஒரு வார்த்தை. ‘பத்து’ என்று ஒரு வார்த்தை. நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா உதட்டின் ஒரு ஓரத்தால் மட்டும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

“ஏழுதான்” என்றாள் அம்மா. “வளத்தி கூடுதல். அவ அப்பா மாதிரி.”

“வாய்ப்பாடு?”

“அது… பெரிய பிள்ளைக கூடத் திரிஞ்சு கத்துக்கிட்டா.”

பெற்றவள் சொன்னபிறகு மேல் விசாரணை ஏது? மூன்று வருஷம் என் உடம்பிலிருந்து கழன்று கரிசலில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்துவிட்ட அக்காவைப் பார்த்தார், மணி அடிக்கப்போகிற கப்பல்காரரைப் பார்த்தார். “அவ தனியா பயப்படுவா மக்கா. ஒரு ஆட்டம் ஆடிட்டு இந்தா வந்துருதேன்” என்று ஏறிவிட்டார். கடைசி வரிசை. என்னுடைய கடைசி வரிசை.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நீல வலைக்குள் எல்லாம் குழந்தைகளுக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருந்தது. பால் கொடுக்க ஓலைத் தடுப்பு, தூங்குகிற பிள்ளைகளுக்குச் சேலைத் தொட்டில், கீழே விழுந்தால் அடிபடாமலிருக்க வைக்கோல். நடுவில் ஆறு தகர யானைகள். என் யானைக்குப் பாதித் துதிக்கைதான் இருந்தது. உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடித்தது. வாசலில் மடங்கிய முட்டி இங்கேயும் மடங்கியே இருந்தது. எனக்கு முன் யானையில் இருந்த குழந்தைக்கு இன்னும் பல்லே முழுசாக முளைக்கவில்லை. அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது.

வாசலில் சீட்டு எழுதிய ஆள் அந்தப் பக்கமாக வந்து நின்றார். அம்மா அவரைப் பார்த்துவிட்டாள். உடனே கம்பிக்கு வெளியிலிருந்து உரக்க, “கெட்டியாப் பிடிச்சுக்கோ செல்லம்! பயப்படாத, அம்மா இங்கனதான் நிக்கேன்!” என்றாள். என் அம்மா அதற்கு முன்னும் பின்னும் என்னைச் செல்லம் என்று அழைத்ததே இல்லை.

யானை சுற்றியது. வலை, அம்மா, கப்பல். வலை, அம்மா, கப்பல். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை, வலைக்கு மேலே அந்தக் கப்பலின் வால் வானத்தில் ஏறி நிற்கும். அதன் நுனியில் அக்காவின் ரிப்பன், மாமாவின் வெள்ளைச் சட்டை, திறந்த இரண்டு வாய்கள். ‘ஓ’ என்ற சத்தம் தெருவுக்கு வந்த அதே சத்தம்தான். கிட்டத்தில் கேட்டபோது அது என்னைப் பழிப்பதுபோல இருந்தது. நான் அழவில்லை. அழுதால் ஏழு வயது என்பது உறுதியாகிவிடும்.

இறங்கியதும் கரிசல் மண்ணை அள்ளிப் புறங்கையில் வைத்துத் தேய்த்தேன். எச்சில் துப்பித் தேய்த்தேன். மீன் போகவில்லை. தோல்தான் போனது. ரத்தம் கசிந்த இடத்தில் மை இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டது. அம்மா முந்தானையால் துடைக்க வந்தாள். கையை உதறினேன். “ஒரு ராட்டினத்துக்கா இந்த ஆங்காரம்? பொம்பளப்பிள்ளைக்கு ஆகாதுட்டி” என்றாள்.

அடுத்து வந்த பங்குனியில் நான் பெரிய பிள்ளை ஆனேன். அடுத்த ஆடியில் அதே லாரிகள், அதே பொட்டல், அதே கோமாளி. நான் தாவணியில் இருந்தேன். அம்மாவிடம் போய், இந்தத் தடவை முட்டியை மடக்க மாட்டேன், கோமாளியின் கை தலையில் இடிக்கத்தான் போவேன் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கூறு கெட்டவளே, வயசுக்கு வந்த பிள்ள பாவாட பறக்க ஆகாசத்துல ஆடுவாளா? ஊரு சிரிக்கும்.” போன வருஷம் ஏழு வயது, இந்த வருஷம் ஊர் சிரிக்கிற வயது. நடுவில் இருந்த வயதெல்லாம் எங்கே போனது? அந்தக் கப்பலில் ஏற எனக்கென்று சரியான உயரம் ஒன்று இருந்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு நான் குனிந்து நின்றேன், பாராட்டுக்கு ஆசைப்பட்டு. கல்யாணத்துக்குப் பிறகு, பிள்ளை பெற்ற பிறகு, எந்தக் கப்பலிலும் என்னால் ஏறியிருக்க முடியும், சீட்டு வாங்கினால் போதும். ஏறவில்லை. அது வேறு கப்பல்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு ஆட்டம் தவறிப்போனதாக மட்டும்தான் நினைத்திருந்தேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அம்மா புளிசாதப் பொட்டலத்தை எட்டிக் கொடுத்தாள். நான் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வண்டி உறுமியது. மாமா ஜன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே நீட்டி, என் தலையில் கை வைத்தார். அவர் சொல்லப்போனது பொய் இல்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டாள்.

“மூஞ்சியத் தூக்காத மக்கா” என்றார் மாமா. “ராட்டினம் எங்க போயிரப் போவுது, நீ எங்க போயிரப் போற? அடுத்த வருஷம் ஏறிக்கிடலாம்.”