அளவெடுத்து வாங்கிய எஸ்.எஸ்.டி.

என் மனைவிக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடுகிறவள், கோபம் வந்த நாளில் மூன்று போடுவாள். "நீங்க கொஞ்சம் அக்கட்ட தள்ளிப் போறீங்களாங்க" என்று அவள் சொல்வதைக் கேட்டால், எங்கள் லைன் வீட்டில் பக்கத்தில் குடியிருப்பவர்கள் எவ்வளவு பணிவான பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். அது எனக்கு வரப்போகிற புயலின் முதல் காற்று என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அவளோ ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோ முடித்தவள். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் படிப்பு போட்டிருந்தது. என் பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி போட்டிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் டிசைனராக இருந்தாள். இங்கே வந்த பிறகு இரண்டு பஸ் மாறிப் போய்வர முடியாமல் அந்த வேலையை விட்டாள். வீட்டிலிருந்தே டீ-ஷர்ட் பிரிண்ட் டிசைன் செய்துகொடுக்கலாம் என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், குழந்தைகள் டீ-ஷர்ட் தைக்கும் ஒரு முதலாளி போனில் பேசினார்.

"திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள ஒரு யானை டிசைன் போட்டு அனுப்புங்க அம்மணி. புடிச்சிருந்தா இனி நம்ம பிரிண்ட் வேலையெல்லாம் உங்களுக்குத்தான். இல்லீனா வேற ஆள் பாத்துக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே யானை போட உட்கார்ந்துவிட்டாள். தப்பாக நினைத்தது லேப்டாப்தான்.

அது அவள் படிக்கிற காலத்தில் வாங்கியது. பட்டனை அமுக்கிவிட்டு அவள் குளிக்கப் போவாள், வந்து பார்த்தால் அது அப்போதுதான் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். டிசைன் ஃபைல் கொஞ்சம் பெரிதானால் அப்படியே உறைந்துவிடும். நான் வேலை முடிந்து வந்தபோது யானைக்கு உடம்பு இருந்தது, தும்பிக்கை இல்லை. அவள் தும்பிக்கை வரைந்து சேமிக்கும்போதெல்லாம் லேப்டாப் அதை விழுங்கியிருக்கிறது.

"யானைய விட்டுட்டு ஆமை போட்டுரு புள்ள. லேப்டாப்பப் பாத்து அப்படியே வரைஞ்சரலாம்" என்றேன்.

"போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க" என்றாள். ஒரே ஒரு 'ங்க'தான், ஆனால் குரல் உடைந்திருந்தது. நான் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. ஒரு வருடமாக அவள் இந்த ஒரு போனுக்காகக் காத்திருந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

அவளே யோசித்து, கம்பெனியில் கூட வேலை செய்த தோழியிடமும் கேட்டு, குறை எங்கே என்று கண்டுபிடித்தாள். லேப்டாப்பில் இருப்பது பழைய சுற்றுகிற ஹார்டு டிஸ்க். அதோடு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, விண்டோஸை அதில் ஏற்றிவிட்டால் ஓட்டம் பிடிக்கும். பின்பக்கம் அதற்கென்று ஒரு காலி இடம் இருக்கிறதாம்.

"அவ்வளவுதான? நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் வாங்கியாந்து மாட்டறேன்" என்றேன்.

"உங்களுக்கு அது தெரியுங்களா?"

"ஓவர்லாக் மெஷினப் பிரிச்சு மாட்டறவன் புள்ள நான்."

"மாட்டுனதுக்கப்பறம் மெக்கானிக் வருவாருங்களே, அந்த மெஷினுங்களா?"

இப்படித்தான் அவள். வெண்ணெய் மாதிரி பேசிக்கொண்டே கத்தியை இறக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிவைத்திருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால் லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினேன். கழற்றிய ஸ்க்ரூக்களைச் சாப்பாட்டுச் சம்படத்து மூடியில் போட்டேன். உள்ளே அந்தக் காலி இடம் இருந்தது. நீளமான, குறுகலான இடம். ஒரு முனையில் செருகுகிற வாய். அந்த வாயின் நடுவே இல்லாமல், ஒரு ஓரமாக, சின்னத் தடுப்பு ஒன்று. மறு முனையில் ஸ்க்ரூ போடுகிற ஓட்டை.

எனக்கு உடனே எங்கள் தொழில் மூளை வேலை செய்தது. பனியன் கட்டிங்கில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சின்ன வெட்டு ஒன்று போடுவார்கள். நாட்ச் என்போம். கையின் நாட்சும் உடம்பின் நாட்சும் சேர்கிற இடத்தில் வைத்துத் தைத்தால் கை கோணாது. யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவு சரி, நாட்ச் சேருகிறது என்றால் பீஸ் பாஸ்.

ஆகவே அவளுடைய பேட்டர்ன் பேப்பரில் ஒரு துண்டு எடுத்து, அந்தக் காலி இடத்துக்கு அளவாக வெட்டினேன். தடுப்பு வருகிற இடத்தில் அழகாக ஒரு நாட்ச் போட்டேன். வைத்துப் பார்த்தேன், கச்சிதம்.

"லேப்டாப்பையே எடுத்துட்டுப் போங்க. இல்லீனா அடியில இருக்கற மாடல் நம்பரையாவது போட்டோ புடிச்சுக்கோங்க" என்றாள் அவள், தாளில் பென்சிலால் யானைக்குக் காது போட்டுக்கொண்டே.

"எதுக்கு புள்ள அதச் சுமந்துட்டு? பேட்டர்ன் இருக்குதுல்ல."

அவள் நிமிர்ந்து பேப்பரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, யானைதான் முக்கியம் என்று குனிந்துகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் இருந்தவர் தூத்துக்குடிக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், ஆனாலும் வருகிறவர்களையெல்லாம் அண்ணன் என்பார். நான் எஸ்.எஸ்.டி. கேட்டதும், "மாடல் நம்பர் சொல்லுங்கண்ணே" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து பேப்பர் பேட்டர்னை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன்.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"பேட்டர்ன். இந்த அளவுக்கு ஒண்ணு குடுங்க."

"நான் இந்தக் கடையில எத்தனையோ பேரைப் பாத்துட்டேம்ணே. எஸ்.எஸ்.டிக்கு அளவெடுத்துட்டு வந்தது நீங்கதான். காலர் வேணுமா, வேண்டாமா?"

"காலர் வேண்டாம், ரவுண்டு நெக் போதும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது.

அவர் இரண்டு எடுத்துவைத்தார். இரண்டும் சூயிங் கம் பட்டை மாதிரி, ஒரே நீளம், ஒரே அகலம். "இது சாட்டா ரகம். இது என்.வி.எம்.இ. ரகம். பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். உங்க லேப்டாப் எதை எடுக்கும்னு மாடலப் பாத்தாத்தாம்ணே சொல்ல முடியும்" என்றார்.

நான் பேட்டர்னை வைத்துப் பார்த்தேன். என்.வி.எம்.இ.யில் ஒரு நாட்ச் இருந்தது, என் பேப்பரோடு சேர்ந்தது. சாட்டாவில் இரண்டு நாட்ச் இருந்தது, அதில் ஒன்று என் பேப்பரோடு சேர்ந்தது, இன்னொன்று உபரி. ஒரு நாட்சைவிட இரண்டு நாட்ச் நல்லதுதானே. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"இதுவே இருக்கட்டும்" என்று சாட்டாவை எடுத்தேன்.

"உள்ள போயிரும்ணே. ஓடுமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"உள்ள போனா ஓடாம எங்க போகும்?"

வீட்டுக்கு வந்து மாட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. தடுப்பு நாட்சுக்குள் புகுந்தது, ஸ்க்ரூ ஓட்டைக்கு நேராக ஓட்டை வந்தது. "பாரு புள்ள, ஒரு நூல் கூட நகரல" என்று காட்டினேன். அவளும் எட்டிப் பார்த்து, "அட, ஆமாங்க" என்றாள். அந்த 'ஆமாங்க'வுக்காக இன்னொரு லேப்டாப்பையும் பிரிக்கலாம் போலிருந்தது.

மூடியைப் போட்டுப் பட்டனை அமுக்கினோம். வட்டம் சுற்றியது. பழைய ஹார்டு டிஸ்க் மட்டும்தான் தெரிந்தது. புதியது இருக்கிற சுவடே இல்லை. அணைத்துப் போட்டோம். கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினோம். அதே பழைய டிஸ்க்.

"கொஞ்சம் கூச்சப்படுதோ என்னமோ. புது ஊடில்ல?" என்றேன்.

"ஏனுங்க, நீங்க தயவுசெஞ்சு செத்த நேரம் பேசாம இருக்கீங்களாங்க" என்றாள்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அவள் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் இருந்த மாடல் நம்பரைப் போனில் தட்டினாள். அந்த மாடலுக்கான புத்தகம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. உதடு மட்டும் அசைய வெகுநேரம் படித்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்பது மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"பாலியஸ்டர் பனியன காட்டன் சாயத்துல முக்குனா என்னங்க ஆகும்?"

"சாயம் ஏறாது. நனைஞ்சுட்டு வெள்ளையாவே வரும்."

"ஏன்? அளவு மீடியம்தானுங்களே. தையலும் ஒண்ணுதானுங்களே."

"அளவுல என்ன இருக்குது? நூல் வேறல்ல" என்று சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

"அதேதானுங்க. இந்த வாய் என்.வி.எம்.இ. மட்டுந்தான் எடுக்குமாமுங்க. சாட்டாவ உள்ள வுடும், ஆனா கண்டுக்காது. நீளம், தடிமன், ரகம், மூணும் பாக்கோணும்னு போட்டிருக்குதுங்க. நாட்சப் பத்தி ஒண்ணும் போடல."

ஞாயிற்றுக்கிழமையில் வெயில் சாய்வதற்குள் கடையை மூடிவிடுவார்கள். இந்தமுறை அவளும் வந்தாள். பைக்கில் எனக்கும் அவளுக்கும் நடுவில் லேப்டாப் பை உட்கார்ந்திருந்தது. பல்லடம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறக்கியபோது, "அதுக்கு அடிபட்டிரப் போகுதுங்க" என்றாள். எனக்கு அடிபடுவதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எதுவும் போடவில்லை.

கடைக்காரர் பிரித்த பாக்கெட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "பிரிச்சத எப்படிக்கா திருப்பி எடுக்க? நான் அப்பமே சொன்னேன், அண்ணங்கிட்ட கேட்டுப் பாருங்க."

"சொன்னீங்களாமுங்க. இவுங்களும் ஒத்துக்கறாங்க" என்றாள் அவள், ரொம்ப மரியாதையாக. "கேக்காம வாங்குனது இவுங்க தப்புங்க. மாடல் தெரியாமயே குடுத்தது உங்க தப்புங்க. ரெண்டு பேரும் ஜாலியாப் பேசிட்டுச் சேந்துதானுங்க பண்ணியிருக்கீங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் டிசைன் அனுப்பலீனா எனக்கு வேலை இல்லீங்க. அதுக்கு யாருங்க பொறுப்பு?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வீட்லயும் இப்படித்தானாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இது இன்னிக்குக் கொஞ்சம் கம்மிங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே சாட்டாவை எடுத்து உள்ளே வைத்தார். அவளிடம் மாடல் நம்பரைக் கேட்டு வாங்கி, தன் கம்ப்யூட்டரில் பார்த்து, சரியான நீளத்தில் ஒரு என்.வி.எம்.இ. எடுத்தார். அவரே மாட்டி, எங்கள் கண்ணெதிரே பட்டனை அமுக்கினார். திரையில் இரண்டு டிஸ்க் தெரிந்தது. என் மனைவி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பழைய ஹார்டு டிஸ்கில் அவளுடைய ஃபைல்களைத் தொடாமல், புதியதில் விண்டோஸையும் டிசைன் சாஃப்ட்வேரையும் ஏற்றிக்கொடுத்தார். அதற்குள் எனக்கும் அவளுக்கும் டீ வாங்கிவரச் சொல்லி ஆளையும் அனுப்பினார். நல்ல மனுசன். அளவு சரியாக இருந்தும் ஓடாத என் மாதிரி வாடிக்கையாளர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது யானைக்குத் தும்பிக்கை வந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் டிசைனை அனுப்பிவிட்டு, போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சோறு மூடியபடி இருந்தது. நானும் எதிரே உட்கார்ந்தேன். பேசவே பயமாக இருந்தது, அதனால் விசில் அடித்தேன். அவள் பார்த்த பார்வையில் அதையும் நிறுத்தினேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க அம்மணி, யானை நல்லாத்தான் இருக்குது" என்றார் முதலாளி. அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. "ஆனா பாருங்க, காது இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தாக் கொழந்தைங்களுக்குப் புடிக்கும். அப்பறம் கலர் அஞ்சு வருது. எனக்கு நாலு கலர்ல முடிக்கோணும். இன்னொரு பையனும் டிசைன் அனுப்பியிருக்கறான், அது நாலு கலர்தான். உங்களால சாயங்காலத்துக்குள்ள மாத்த முடியுங்களா?"

"வெக்காதீங்க, லைன்லயே இருங்க" என்றாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். ஃபைலைத் தொட்டதும் யானை வந்து நின்றது. காதை இழுத்தாள், நீண்டது. நீலத்தையும் கருநீலத்தையும் ஒன்றாக்கினாள். அவள் விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை. இத்தனை நாள் லேப்டாப்தான் அவளைக் காத்திருக்க வைத்திருக்கிறது. முதலாளி அந்தப்பக்கம் யாரிடமோ லோடு வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்ப வாட்ஸ்அப் பாருங்க" என்றாள்.

அந்தப்பக்கம் லோடு வண்டிப் பேச்சு நின்றது.

"அதுக்குள்ளயுங்களா?" என்றார் அவர். "நல்லாருக்குது கண்ணு. நாளைக்குக் கம்பெனிக்கு வந்து மிச்ச டீ-ஷர்ட் ஸ்டைலையும் வாங்கிட்டுப் போயிருங்க. வேலை நெறையாக் கெடக்குது."

"சரீங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு அவள் திரையில் இருந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, முந்தானையால் கண்ணை ஒரு தடவை ஒற்றிவிட்டு, "சோறு போடட்டுங்களா?" என்று எழுந்தாள்.

"நீ உக்காரு புள்ள" என்று சொல்லிவிட்டு, நான் போய் இரண்டு தட்டு எடுத்தேன்.